வாயு மூலையில் தோண்டிய குழி

எங்களுக்குச் சீனித்தாயைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, குபேரன் நகர் இரண்டாம் தெருக்காரர்கள் பாவம், ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று யாரும் எங்களுக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை. நாங்கள் கூடிப் பேசி, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் செய்தோம்.

பைபாஸுக்கு மேற்கே, ஒரு காலத்தில் பருத்தி விளைந்த கரிசலை நூல் பிடித்து வெட்டி, கிழமேலாக ஒன்பது மனை, அதற்கு முதுகு கொடுத்தாற்போல் பின் தெருவில் ஒன்பது மனை என்று பிரித்து, ஆர்ச் கட்டி, ஆர்ச்சின் மேல் குபேரன் படத்தை மாட்டி விற்ற இடம் அது; பாதாளச் சாக்கடை வராது, குடிதண்ணீர்க் குழாய் வராது, ஆனால் வாஸ்து உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள், நாங்களும் அதைக் கேட்டுத்தான் வாங்கினோம். எல்லா வீட்டுக்கும் வாஸ்து பார்த்தது வைரவன் என்ற ஒரே ஆள், எல்லா வீட்டையும் கட்டியது இசக்கிராஜ் என்ற ஒரே கொத்தனார். வைரவன் சொன்னபடி ஒவ்வொரு மனையிலும் ஈசானியத்தில், அதாவது வடகிழக்கு மூலையில், தண்ணீருக்குப் போர் போட்டோம்; வாயு மூலையில், அதாவது வடமேற்கில், செப்டிக் டேங்க் கட்டினோம். இசக்கிராஜ் கட்டிய டேங்குகளுக்குச் சுவர் உண்டு, மூடி உண்டு, அடி மட்டும் கிடையாது. அடியைப் பூசாமல் மண்ணாகவே விட்டுவிட்டால் உள்ளே போவது தானாகக் கீழே இறங்கிவிடும், கரிசலுக்கு அடியில் இருக்கும் சுக்கான் பாறை வெடிப்பு வெடிப்பாக எல்லாவற்றையும் குடித்துக்கொள்ளும். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கழிவுநீர் லாரி எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை என்பதை வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லுவோம்.

என்னுடையது நாலாம் நம்பர் வீடு. எனக்குக் கிழக்கே ஐந்தாம் நம்பர் மனை மட்டும் காலியாகக் கிடந்தது, அதற்குக் கிழக்கே ஆறாம் நம்பர், பஸ் கண்டக்டர் கோட்டைச்சாமியின் வீடு. காலி மனை என்றால் தெருவுக்குச் சொந்தம்; என் அடுப்படித் தண்ணீரும் கோட்டைச்சாமி வீட்டுத் துணி துவைத்த தண்ணீரும் அதில்தான் போய்த் தேங்கிக் காய்ந்தன, மற்றவர்கள் கொட்டியதைச் சொல்லாமலிருப்பதே மரியாதை. கோட்டைச்சாமி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவள்தான் சீனித்தாய். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, புருஷன் மஸ்கட்டில் டிரைவர், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற கோபிகா என்று ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை மஞ்சள் காமாலை வந்தது. மூன்றாம் தடவை வந்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெற்றவள் அழுதிருக்கலாம், வேப்பிலை அடித்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். இவள் கோட்டைச்சாமி வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து, உங்கள் போரில் அதை ஒட்டி நிற்கிற ஏழாம் நம்பர் வீட்டு டேங்க் கலந்திருக்கிறது என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றைக்குத் தெருவே அவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெருவில் பாதிப்பேர் குடிக்க என் வீட்டுத் தண்ணீரைத்தான் பிடித்துப் போவார்கள், அவ்வளவு ருசி. பிள்ளைக்கு இரண்டாம் தடவை வந்ததிலிருந்து அவளும் தினம் ஒரு குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவளைக் கண்டால் கேட்டைப் பூட்டினேன்.

அவள் சண்டை போடவில்லை. ஐந்தாம் நம்பர் மனையை வாங்கினாள்.

வாங்கியவள் பூமி பூஜை போடவில்லை, எலுமிச்சம்பழம் நறுக்கவில்லை. முதல் வேலையாக மனைக்குள் நீட்டியிருந்த என் கழிவுக் குழாயையும் கோட்டைச்சாமியின் கழிவுக் குழாயையும் சிமெண்டு வைத்து அடைத்தாள், இரண்டாவது வேலையாக ஒரு டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு தெருவிலும் நடந்து யார் வீட்டுப் போர் எங்கே, யார் வீட்டு டேங்க் எங்கே என்று புள்ளி வைத்து எழுதினாள், மூன்றாவதாக இசக்கிராஜைக் கூப்பிட்டு, வீட்டுக்கு அப்புறம் கோடு போடலாம், முதலில் அழுக்குத் தண்ணீருக்கு இடம் பார்ப்போம் என்றாள். தெருவே சிரித்தது.

"வாசக்கால் வைக்க முன்ன கக்கூஸ் குழிக்கு நாள் பாக்க ஆள இப்பத்தான் பாக்கேன்," என்றான் இசக்கிராஜ்.

"என் வீட்டு அழுக்கு எங்க போய்ச் சேரும்னு தெரியாம அடுப்படிய எங்க வைக்கன்னு எப்படிண்ணே முடிவு பண்ண முடியும்?" என்றாள் அவள். "டேங்குக்கு அடி பூசணும். ரெண்டு அறை வேணும். அதத் தாண்டி வர்ற தண்ணியக் குடிக்கச் சரளையப் போட்டுக் கல்வாழை வைக்கணும். இது எதுவும் யாரு தண்ணிக்கும் பக்கத்துல வரக்கூடாது."

வாயு மூலையைத் தவிர வேறு எங்கேயும் மண்வெட்டி வைக்க மாட்டேன் என்று இசக்கிராஜ் ஒற்றைக் காலில் நின்றதால், சோதனைக்காக அங்கேயே ஒரு குழி தோண்டினார்கள், ஆறடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம். சீனித்தாய் அதில் பத்து வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, தண்ணீர் எத்தனை நிமிஷத்தில் ஒரு அங்குலம் இறங்குகிறது என்று வாட்சைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருந்தாள். குழிக்கு நாடி பிடிக்கிறாள் என்று என் மனைவி சொர்ணம் சொல்ல, அது தெரு முழுக்கப் பரவியது.

"அண்ணாச்சி," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "இங்கருந்து உங்க போர் அஞ்சடி கூட இல்ல. என் வாயு மூலையும் உங்க ஈசானியமும் ஒட்டிக்கிட்டு நிக்கி. இந்தத் தெருவுல ஒவ்வொருத்தர் டேங்கும் மேக்க இருக்க வீட்டுப் போர்ப் பக்கத்துலதான் இருக்கு."

"அதுக்கு?"

"இதுல போறது அதுல வரும்."

"எம் போரு நூத்தி எம்பது அடி. நீ அஞ்சடிக் குழியத் தோண்டிட்டு என்னைப் பயங்காட்டுதியாக்கும்?"

"உங்க தண்ணி நல்லாருக்கதுக்கு வாஸ்து காரணமில்ல அண்ணாச்சி. இந்த மனை காலியாக் கெடந்ததுதான் காரணம்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. என் வீட்டு ஈசானியத்தைப் பற்றி, நான் தினம் பூப் போட்டுக் கும்பிடுகிற போரைப் பற்றி, நேற்று வந்தவள் பேசுகிறாள். உன் இடத்தில் உன் டேங்கை வாயு மூலையில்தான் போட வேண்டும், அதுதான் முறை, மாற்றிப் போட்டால் தெருவே விடாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தக் குழி ஒரு முழம் தள்ளி இருந்தது.

பால் கறக்கிறவர்தான் முதலில் பார்த்தார். தோண்டிப் போட்ட மண்குவியலும் கன்றுக்குட்டி மாதிரிக் குழிக்குப் பின்னாலேயே ஒரு முழம் போயிருந்தது. குழி முதலில் இருந்த இடம் மண்வெட்டியே படாத தரையாக, பழைய புல்லோடும், நாங்கள் எறிந்த பழைய ஷாம்பு பாக்கெட்டுகளோடும் கிடந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு முழம். என் சுவரை விட்டு, என் போரை விட்டு, தென்கிழக்காக அது போய்க்கொண்டிருந்தது. யாரும் அது நகர்வதைக் கண்ணால் பார்க்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் சும்மா கிடக்கும், பக்கத்து ஆளோடு வம்பு பேசிவிட்டுத் திரும்பினால் நாலு விரற்கடை போயிருக்கும். எங்கள் தெருவில் வம்புக்குக் குறைவில்லை என்பதால் அது நன்றாகவே நகர்ந்தது.

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பள்ளிக்கூட வேன் டிரைவர் குழியைப் பார்த்து வண்டியை எங்கே திருப்புவது என்று முடிவு செய்தார், கோட்டைச்சாமி டூட்டிக்குக் கிளம்பும்போது குழி எந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் போனான், ஆடு வைத்திருந்தவர்கள் கயிற்றைக் குட்டையாக்கினார்கள், சொர்ணம் வற்றல் காயப்போடும் இடத்தை இரண்டு தடவை மாற்றினாள். பின் தெருவிலிருந்து ஒரு அம்மாள் மஞ்சள் துணி கொண்டுவந்து மண்குவியலில் குச்சி நட்டுக் கட்டிவிட்டு, தன் வீட்டு டேங்கும் கொஞ்சம் நகர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனாள். அதை அன்றைக்கே பிடுங்கி எறிந்தோம். வாஸ்து வைரவனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் குனிந்து பார்த்து, மண்ணை முகர்ந்து, "வாயு மூலையில தோண்டுன குழி, காத்து மாதிரித்தான் அலையும்," என்றார், அதுவும் சரியென்றே பட்டது. குழி நகர்வதில் யாருக்கும் வருத்தமில்லை. எங்கள் வருத்தமெல்லாம் அது யார் பக்கம் வரும் என்பதுதான்.

தெற்கே அது போனபோது பின் தெருக்காரர்கள் தங்கள் வேலி ஓரம் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், ஆணி அடித்தார்கள், தலையில் அடிபட்ட பாம்பு வீட்டுக்குள் வருகிற மாதிரி இரண்டு ஆள் கம்போடு காவல் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் போர்களும் அவள் மனையின் தெற்கு மூலைகளை ஒட்டித்தான் இருந்தன. குழி அவர்கள் பக்கம் போய் நின்று, ஒரு நாள் யோசித்து, திரும்பிவிட்டது. கோட்டைச்சாமி தன் பக்கம் வந்துவிடக் கூடாது என்று அவள் மனைக்குள்ளேயே முள் வெட்டிப் போட்டான். அவளை எங்கே பார்த்தாலும் பேசினோம். கடையில் அவளுக்குக் கடைசியாகச் சாமான் கொடுத்தார்கள். கோபிகாவைப் பார்த்துக் குழிக்காரி மகள் என்று எங்கள் பிள்ளைகள் கத்தினார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். கோட்டைச்சாமி இரண்டு மாதத்தில் மாடியைக் காலி செய்யச் சொன்னான்.

பேரூராட்சி அலுவலகத்திலிருந்து பிளானை அங்கீகரிக்க வந்த எழுத்தர் டேப் வைத்து அளந்து, செப்டிக் டேங்க் என்று ஒரு இடத்தில் கட்டம் போட்டுக்கொண்டு போனார். கையெழுத்தாகி வருவதற்குள் குழி அங்கே இல்லை. மறுபடி வந்தார், மறுபடி கட்டம் போட்டார். மூன்றாவது தடவை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நகருத குழிக்குப் பாரத்துல கட்டம் இல்லம்மா. அது எங்கயாச்சும் நின்னப்புறம் சொல்லி அனுப்பு," என்று கோப்பை மூடிக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் அது நின்றது. மனையின் நட்டநடுவில், சுற்றியிருந்த போர்களுக்கெல்லாம் ஆனமட்டும் தூரத்தில் நின்றது. சீனித்தாய் வாளியும் வாட்சுமாக வந்து தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள், மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து பார்த்தாள், குழி ஒரு விரற்கடைகூட அசையவில்லை. இசக்கிராஜிடம் தானே வரைந்த படத்தை நீட்டினாள். நடுவில் டேங்க், அதைச் சுற்றிக் கல்வாழை, அதற்கு மேலே வானம், நாலு அறைகளும் அதைச் சுற்றி.

அவ்வளவுதான், நாங்கள் கொதித்துப்போனோம். மனையின் நடு பிரம்மஸ்தானம். அங்கே ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோம், இவள் கக்கூஸ் குழியை வைப்பாளாம். ஒரு மனையின் வயிற்றில் அசிங்கத்தை வைத்தால் தெரு முழுக்கக் குடும்பம் விளங்காது என்று வைரவன் சொன்னார். பதினேழு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். எழுத்தர் மனுவைக் கண்டதும் கோப்பை இன்னும் அடியில் வைத்தார். சீனித்தாய் ஸ்டேஷனுக்குப் போனாள். அக்கம்பக்கத்தோடு அனுசரித்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு டிராக்டர் உடைகல்லும் ஒரு கலவை மிஷினும் கொண்டுவந்து, தெரு முழுக்கக் கூடி நின்று, அந்தக் குழியை நிரப்பினோம். பெண்கள் சாந்துச்சட்டி தூக்கினார்கள். சொர்ணம் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள், எங்கள் வீட்டுத் தண்ணீரில் கலக்கிய மோர். குழி தப்பித்துப் போகவில்லை. எப்படிப் போகும், அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், அன்றைக்கு யாரும் வம்பு பேசவில்லை. கலவை விளிம்பு வரைக்கும் ஏறி வழிந்தபோது, டூட்டி முடிந்து சீனித்தாய் வந்து நின்றாள், ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் மகளுமாக. பிள்ளை அழுதது. அவள் அழவில்லை. எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், என்னிடம் வந்ததும் நிறுத்தினாள்.

"எங்க தோண்டணும் அண்ணாச்சி? நீங்களே காட்டிருங்க."

சுண்ணாம்புப் பொடியை வாங்கி, அவள் மனையின் வடமேற்கு மூலையில், என் போருக்கு நாலே முக்கால் அடியில், ஆறுக்கு நாலு கட்டத்தை நானே என் கையால் போட்டேன். ஜெயித்த சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். நீளமும் அகலமும் கோணல் இல்லாமல் வந்திருக்கிறது என்று வைரவன் பாராட்டினார்.

"அடி பூசணுமா ஆத்தா?" என்று மறுநாள் இசக்கிராஜ் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"தெருவுல எப்படியோ அப்படியே விட்ருங்கண்ணே," என்றாள் அவள்.

எழுத்தர் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார், வீடு நாலு மாதத்தில் எழும்பியது. போர் மட்டும் அவள் ஈசானியத்தில் போடவில்லை, அங்கே கோட்டைச்சாமியின் டேங்க் சுவரை ஒட்டி நிற்கிறது. நாங்கள் கொட்டிய கான்கிரீட்டின் நடுவிலேயே மிஷினை நிறுத்தித் துளைத்து, எல்லார் டேங்குக்கும் தூரமான அந்த இடத்திலிருந்து தண்ணீர் எடுத்தாள், அதைச் சுற்றித்தான் கூடத்தைக் கட்டினாள். கேட்ட மூலையைக் கொடுத்துவிட்டாள், இனி எதைச் சொல்லித் தடுப்பது என்று நாங்கள் விட்டுவிட்டோம். கோபிகா நன்றாக இருக்கிறாள். கன்னம் உப்பி, தினம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள்.

அவள் குடிவந்த ஏழாவது மாதம் சொர்ணத்துக்குக் கண் மஞ்சளாயிற்று. அதற்கு முந்தின வாரம் மூன்றாம் நம்பர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கு, அதற்கும் முன்னால் எட்டாம் நம்பர் மருமகளுக்கு. எல்லாம் என் வீட்டில் குடிதண்ணீர் பிடித்தவர்கள். தண்ணீர் பார்க்க அதே தெளிவாக, அதே ருசியாகத்தான் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற ஜன்னலில் சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். சொர்ணத்தின் கையைப் பிடித்து, வலிக்காமல் ஊசி போட்டு, பஞ்சை வைத்து மடக்கிவிட்டாள். சாயந்தரம் ரிசல்ட் வாங்க நான் மட்டும் போனேன்.

"ரத்தத்துல பிலிரூபின் ஏழு புள்ளி ரெண்டு, ஒண்ணத் தாண்டக் கூடாது," என்றாள். "உப்பு, எண்ணெய் சேக்காதீங்க. தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க."

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் நகரவில்லை.

"தாயி," என்றேன். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்தக் குழிய முன்ன மாதிரிக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லேன்."

"நான் எப்ப அண்ணாச்சி போகச் சொன்னேன்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "காலைல அந்தக் குழி ஓரமா நின்னு, இங்க வேண்டாமே, அண்ணாச்சி வீட்டுத் தண்ணி கெட்டுப்போகுமேன்னு நெனைப்பேன். நெனைச்சதோட சரி, அது தானாத்தான் போச்சு. இப்பமும் போய் நிக்கத்தான் செய்யுதேன், மூடி மேல கை வச்சுக்கூடப் பாத்தேன். அந்த நெனைப்பு வரமாட்டேங்கு அண்ணாச்சி. நானும் என்ன பண்ண?" சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வேறு இடத்தில் போர் போடலாம் என்று இசக்கிராஜைக் கூட்டிவந்து அளந்து பார்த்தேன். யார் டேங்குக்கும் தூரமான இடம் என் மனையிலும் ஒன்று இருக்கிறது, எங்கள் படுக்கையறைக் கட்டிலுக்கு நேர் கீழே. மிஷின் உள்ளே வர வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதையும் இடிக்க வேண்டும் என்றான்.

தினம் விடிந்ததும் சுவரோரம் நாற்காலியைப் போட்டு ஏறிப் பார்க்கிறேன். கண் கொட்டாமல் பார்த்தால் போகாது என்பதால், பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, தெருவில் போகிறவர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். சிமெண்டு மூடி நான் கோடு போட்ட கட்டத்துக்குள், கோணல் இல்லாமல், அப்படியே இருக்கிறது. உள்ளேயிருந்து சொர்ணம், "நகந்துருக்கா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்கிறேன்.